கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா?

லிஸ்பனில் அவசரப்படுவது வீண். ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர். ஏறி இறங்கிப் பார்த்தால் எழுபது இருக்குமோ என்று தோன்றும். நடைபாதையெங்கும் வெள்ளையும் கறுப்புமாய்ச் சிறு கற்களைப் பதித்திருக்கிறார்கள். ஒரு தூறல் போதும், கால் வழுக்கும். 28-ஆம் எண் டிராம் சந்துகளில் வளையும்போது வீட்டுச் சுவர் சன்னலை உரசிக்கொண்டு போகும். இப்படிப்பட்ட ஊரில் பட்டியல் போட்டுக்கொண்டு இடம் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபம்தான்.

காலையில் முட்டைக்கரு நிரப்பிய பாஸ்டல் டி நாட்டாவும் இரண்டு மடக்கில் தீர்ந்துவிடும் காப்பியும். பிறகு அல்ஃபாமாவின் ஒடுங்கிய படிகள், மொட்டைமாடிக் கொடிகளில் துணி, எங்கிருந்தோ மத்தி சுடும் வாசனை. அங்கே தெருக்கள் எப்படி வேண்டுமானாலும் போகின்றன. அங்கிருந்து இறங்கிப் பாய்ஷா கடைவீதிக்கு வந்தால் வேறோர் ஊர்: நூல் பிடித்தாற்போல் நேர்த் தெருக்கள், ஒரே உயரத்தில் வீடுகள், ஒரே அளவில் சன்னல்கள். தெருக்கள் முடியும் இடத்தில் பிராசா டூ கொமேர்சியோ சதுக்கம். மூன்று பக்கம் மஞ்சள் கட்டடங்கள், நான்காம் பக்கம் தேஜு ஆறு. ஆறு என்று பெயரே தவிர, கடலில் கலக்கப்போகும் அகன்ற முகத்துவாரம் அது. அக்கரை மங்கலாகத்தான் தெரியும். இரண்டு தூண்களுக்கு நடுவே படிகள் நீருக்குள் இறங்குகின்றன. மாலை வெயிலில் அந்தப் படிகளில் உட்கார இடம் கிடைப்பது அரிது. காதலர்கள், கிட்டார்காரர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நனைக்கும் பாட்டிமார்கள்.

நானும் அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தால்தானே கேள்வி வருகிறது. அல்ஃபாமா ஏன் அப்படி இருக்கிறது, பாய்ஷா ஏன் இப்படி?

விடை 1755 நவம்பர் 1. புனிதர் அனைவர் பெருவிழா. காலைப் பூசைக்கு மக்கள் கோயில்களில் நிறைந்திருந்த நேரத்தில் நிலம் அதிர்ந்தது. தப்பியவர்கள் இடிபாடு விழாத திறந்தவெளியைத் தேடி ஓடிவந்தது இதே ஆற்றங்கரைக்கு. நீர் பின்வாங்கி அடித்தரை தெரிந்ததாகவும், பிறகு அலை வந்ததாகவும் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மேட்டில் சாய்ந்த மெழுகுவத்திகளும் அடுப்புகளும் பற்றவைத்த தீ, நாள்கணக்கில் எரிந்தது. கரையோர அரண்மனையும் அதன் நூலகமும் போயின. அந்த ஆண்டில்தான் திறந்த ஓபரா அரங்கு ஓராண்டுகூட நிற்கவில்லை. அரசர் முதலாம் ஜோசே அதன்பிறகு கல்வீட்டில் தங்கவே அஞ்சி, அஜுடா குன்றில் மரத்தாலான குடியிருப்பில் வாழ்ந்தார்.

நகரை மறுபடி எழுப்பும் பொறுப்பு, பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சரிடம் வந்தது. பாய்ஷாவின் நேர்த் தெருக்கள் அவர் காலத்தவை. அந்தச் சுவர்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் பூட்டிய கூண்டு ஒளிந்திருக்கிறது. பூமி ஆடினால் மரம் வளைந்துகொடுக்கும் என்பது கணக்கு. மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களைத் தடதடவென நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்றும் சொல்வதுண்டு. கட்டடங்களுக்கு அடியில், ஈரமண்ணில் அடித்த பைன் மரக்கட்டைகள் தாங்குகின்றன. நான் சாய்ந்து உட்கார்ந்திருந்த அழகுக்குள் எவ்வளவு பயம் இருந்திருக்கிறது!

ஆனால் என்னை உலுக்கியது கூண்டு அல்ல, ஒரு கேள்வித்தாள். 1756-இல் நாட்டின் பங்குக் குருமார்கள் எல்லோரிடமும் பொம்பாலின் அரசு கேட்டது: அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை வீடு விழுந்தது? எத்தனை பேர் இறந்தார்கள்? ஊற்றுகளில் நீர் மாறியதா? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? அதே ஆண்டில் மலக்ரிடா என்ற இயேசு சபைத் துறவி, இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை, தவம்செய்யுங்கள் என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். தண்டனை என்று நம்பிவிட்டால் அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை. கேள்வித்தாளோ துயரத்தைத் தகவலாக்கியது.

பொம்பாலை நான் புகழவில்லை. எதிரிகளை ஈவிரக்கமில்லாமல் ஒடுக்கியவர் அவர். மலக்ரிடாவும் 1761-இல் கொல்லப்பட்டார். கொடுங்கோலன் கேட்டான் என்பதற்காகக் கேள்வி கெட்டுப்போவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வியின் அருமை நமக்கு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு புரிந்திருக்கவேண்டும். அன்று தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது; நிலநடுக்கம் உண்டான கடலடிப் பிளவுக்கு மேற்கே இருந்த நம் கரைக்கும் இலங்கைக்கும் எழுச்சிதான் முதலில் வந்தது. கடல் உள்வாங்கினால் ஓடு என்பது நல்ல பாடம். ஆனால் உள்வாங்காமலும் அலை வரும் என்பதும் சேர்ந்தால்தான் அது முழுப்பாடம். 1756-இல் கிராமத்துக் குருவிடம் கேட்ட அதே கேள்விக்கு விடையைத்தான் இன்றும் அலையளவிகளின் பதிவுகளில் அறிஞர்கள் தேடுகிறார்கள்.

கடற்கரையில் கவலையில்லாமல் உட்காரும் உரிமையைக் கடல் தருவதில்லை. அதைத் தருவது முன்பே அஞ்சியவர்களின் கணக்கு. மறதியை நிம்மதி என்று எண்ணும் கரைகளும் உண்டு. அங்கேயும் வெயிலும் காற்றும் இதேபோல் இதமாகத்தான் இருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

பாய்ஷாவுக்கு வடக்கே, உயரமான தூண் ஒன்றின்மேல் சிங்கத்தோடு பொம்பால் நிற்கிறார்; அங்கே படம் எடுத்துக்கொள்ளாத பயணி குறைவு. குருமார்கள் எழுதியனுப்பிய பதில்கள் லிஸ்பனின் தோர்ரே டூ தோம்பு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.