காவும் காவலும்

தமிழில் ‘கா’ என்னும் ஓரெழுத்துச் சொல் பெயராக நின்றால் சோலை என்று பொருள்படும். ஏவலாக நின்றால் காப்பாயாக என்று பொருள்படும். பூங்கா என நாம் வழங்கும் சொல்லில் இருப்பது முதற்பொருள். ஆயினும் 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் நாட்டைச் சூழ்ந்தபோது இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று முரணி நின்றன. மக்களைக் காக்கும் பொருட்டுச் சோலைகள் பூட்டப்பட்டன. பூட்டியது முறைதானா? முறையெனின், எத்துணைக் காலத்துக்கு? அதன் பாரம் யார் தோளில் விழுந்தது? நோய் தணிந்து ஆண்டுகள் கடந்த பின்னும் இவ்வினாக்கள் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அகலாமைக்கு நாமே செய்த பிழை ஒன்றும் காரணம். அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

பூங்கா என்பது தோட்டமில்லாதவனின் தோட்டம். சென்னைத் தியாகராய நகரின் பனகல் பூங்காவோ, மயிலாப்பூரின் நாகேசுவரராவ் பூங்காவோ, மாடியும் முற்றமும் உடையவருக்கு உலாவும் இடம்; ஒற்றை அறையில் குடும்பம் நடத்துவோருக்கோ வீட்டில் இல்லாமற்போன கூடம். தேர்வுக்குப் படிக்கும் மாணவன், மருமகளுக்கு இடம் விட்டு வெளியேறி அமரும் முதியவர், நெடுநேரம் நின்று வேலை செய்து கால் கடுத்த பெண் ஆகியோர் காசு கொடாமல் அமரக்கூடிய இடம் நகரில் வேறு எங்கே உண்டு?

நம் மணலூர்பேட்டை சிறு பேரூர். தென்பெண்ணையின் மணற்பரப்பே நமக்குப் பூங்கா. தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது அம்மணலில் கூட்டம் அலைமோதும். ஆற்றில் நீரில்லாத ஏனைய மாலைகளில் சிறுவர்கள் பந்தாடுவர். அஸர் தொழுகை முடித்த முதியோர் கரையில் அமர்ந்து மஃரிப் பாங்கொலி கேட்கும்வரை பேசியிருப்பர். சாதி சமயம் கேளாமல் யாரையும் அமரச் செய்யும் பாய் அது.

நிகழ்ந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திக் கொள்வோம். 2020 மார்ச்சில் சென்னையின் பூங்காக்கள் மூடப்பட்டன. மெரினா கடற்கரையும் மூடப்பட்டது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. பின்னர்த் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சென்னையில் மதுக்கடைகள் ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்டன. பூங்காக்களுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் செப்டம்பர் 1 முதல் இசைவு கிடைத்தது. திரையரங்குகள், பாதி இருக்கைகளோடு, நவம்பர் 10 அன்று திறந்தன. மெரினா மக்களுக்குத் திறக்கப்பட்ட நாள் டிசம்பர் 14. அடைத்த அரங்கு திறந்து 34 நாள் கழிந்த பின்னரே வானமே கூரையான கடற்கரை திறந்தது.

மூடியதே தவறு என்று கூற நாம் முற்படவில்லை. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் ஷாம் நாட்டை அம்வாஸ் கொள்ளைநோய் பற்றியபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் படையினரோடு ஸர்க் என்னும் இடத்திலிருந்தே திரும்பினார்கள். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் புகாதீர்; அங்கிருப்போர் அதனைவிட்டு ஓடாதீர் என்பது நபிமொழி வழிவந்த நெறி. ஆகவே உயிர் காக்க வாயிலடைப்பது மார்க்கத்துக்கோ அறத்துக்கோ புறம்பானதன்று. அதிலும் 2020 மார்ச்சில் நோயின் இயல்பை எவரும் தெளிய அறியார். அறியாத இருளில் அஞ்சி நடப்பவனைக் குருடன் என்று ஏசுவது நியாயமாகாது.

ஆனால் அறிவு வந்தபின் நிலை வேறு. காற்றோட்டமில்லாத அறைகளில் நெருங்கியிருக்கும்போதே இந்நோய் மிகுதியாகப் பரவுகிறது, திறந்த வெளியில் விலகியிருப்போருக்கு இடர் மிகக் குறைவு என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. உஸ்மானியப் பேரரசில் 1869 தொடங்கித் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டநூலின் முகப்பில் பிக்ஹு அறிஞர்களின் பொதுவிதிகள் சில இடம்பெற்றுள்ளன. இன்றியமையாமை எவ்வளவோ, விலக்கும் அவ்வளவே என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. காரணம் பற்றி ஆகுமாக்கப்பட்டது காரணம் நீங்கியதும் நீங்கும் என்பது மற்றொன்றன் கருத்து. பூட்டுக்கு இடந்தந்த காரணத்தை நாள்தோறும் எடுத்து நிறுத்துப் பார்ப்பது பூட்டியவரின் கடமை. அரங்கைத் திறந்து கடற்கரையை மூடிவைத்த தராசில் எங்கோ கோளாறு இருந்தது.

கோளாறு எங்கே? ஆட்சியாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அரங்கின் இருக்கைகளை எண்ணலாம், பாதியை அடைக்கலாம், தவறினால் உரிமையாளரைப் பிடிக்கலாம். விடுமுறை நாளில் மெரினாவுக்கு வருவோரை யார் எண்ணுவது? எண்ண முடிந்ததைத் திறந்தார்கள். எண்ண முடியாததை மூடினார்கள். இதில் சூழ்ச்சி இருந்ததாக நாம் கருதவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். விலை கொடுத்து நுழையும் இடமே எண்ணத்தக்க இடம்; இலவசமான இடம் எண்ணத்தகாத இடம். கடைக்குச் சங்கம் உண்டு, அரங்குக்கு உரிமையாளர் உண்டு, அவர்கள் மனுக் கொடுப்பர். பூங்காவின் மர நிழலில் அமர்பவனுக்குச் சங்கம் ஏது? எல்லார்க்கும் பொதுவான பொருளுக்கு வாதாட ஒருவரும் இல்லாமற் போவது உலக வழக்கம்.

பொதுநிலத்தை அடைப்பது பற்றி உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் நாம் கற்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. அரசின் ஒட்டகங்கள் மேய்வதற்காக ஒரு நிலப்பகுதி காப்புநிலமாக அடைக்கப்பட்டிருந்தது. அதனை அரபியில் ‘ஹிமா’ என்பர். அதன் காவலராக ஹுனை என்பவரை அமர்த்தியபோது கலீபா வழங்கிய அறிவுரையை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே. அவர்களுடைய கால்நடை அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் உண்டு. சிறு மந்தைக்காரனோ அது மடிந்தால் பிள்ளைகளோடு நம்மிடமே வந்து நிற்பான் என்பது அதன் சாரம். குறிக்கப்பெற்ற இருவரும் சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற தோழர்கள். அவர்கள்மீது குறை ஏதும் சொல்லப்படவில்லை. வேறு புகலிடம் உடையவர் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே பொருள்.

அதே உரையில் மற்றொன்றும் உண்டு. இது அம்மக்களின் நிலம், அவர்கள் நம்மை அநீதியாளர் என்று எண்ணக்கூடும், தேவை மட்டும் இல்லையெனின் அவர்கள் நிலத்தில் ஒரு சாணையும் அடைத்திருக்கமாட்டேன் என்ற பொருள்பட அவர்கள் வருந்திக் கூறியிருக்கிறார்கள். அடைப்பவன் நெஞ்சில் இருக்கவேண்டிய கூச்சம் இது. வாயிற்காவலன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, எத்தனை பேர் வருகிறார்கள் என்பதன்று. இங்கிருந்து விலக்கப்பட்டால் இவர் வேறு எந்தத் தோப்புக்குத் திரும்புவார் என்பதே.

இனி நம் பிழை. 2020 மார்ச்சில் டில்லி நிஜாமுத்தீனில் நடந்த கூட்டத்துக்குச் சென்று திரும்பியோரிடம் தொற்று காணப்பட்டது. அச்செய்தி பரவிய ஏப்ரல் மாதத்தில், அக்கூட்டத்தின் திசையையும் அறியாத நம்மைக் கண்டு நெடுநாள் பழகியவர்களும் முகம் திருப்பினர். நோயாளியாகவன்றி நோயாகவே பார்க்கப்படும் வேதனை என்ன என்பதை அன்று உணர்ந்தோம். அடுத்த மாதமே நாம் என்ன செய்தோம்?

சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பெருகி மே 5 அன்று அது மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கிய தொழிலாளர் பலர் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்ட ஊர்களுக்குத் திரும்பினர். நம் தெருவை அடுத்த தெருவுக்கும் ஒருவர் வந்தார். தனிமைப்படுத்தும் நாள்களைக் கழித்து, நோயில்லை என்று தெரிந்த பின்னர், மாலைதோறும் தம் சிறுமகளோடு ஆற்றுமணலில் ஒதுங்கி அமர்ந்தார். தெருப் பெரியவர்கள் கூடி, கரைக்கு இறங்கும் பாதையில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போடுவதென முடிவு செய்தனர். அம்முடிவுக்கு நாமும் தலையசைத்தோம். போடும்போது உடன் நின்றோம். அவர் சண்டையிடவில்லை. “வீட்ல இரு, வீட்ல இருன்னு சொல்றீங்க பாய். எங்க வீட்ல ஒரே ரூமு, ஆறு பேரு. எங்க போயி இருக்கட்டும்?” என்று மட்டும் கேட்டார்.

நம்மிடம் விடையில்லை. வீடு திரும்பி, கொல்லைப்புறத்து வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டு அமர்ந்தோம். அப்போதுதான் ஹுனைக்கு உரைத்த அறிவுரை நினைவில் தைத்தது. மாணவர்களுக்குப் பலமுறை பாடம் நடத்திய செய்திதான். ஆனால் அந்த வாயிலில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. தோப்புடையவன் மணலைக் காவல் காத்தான். மணலன்றி வேறில்லாதவன் வெளியே நின்றான்.

அவ்வாறாயின் வழி என்ன? தெருவோரங்களில் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கியபோது, எங்களுக்கு அமர்ந்து பேச வேறிடம் இல்லையே என்று தோழர்கள் முறையிட்டார்கள். அம்முறையீடு செவிமடுக்கப்பட்டது. அமர்வதாயின் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்று கட்டளை மாறிற்று. பார்வையைத் தாழ்த்துதல், பிறர்க்கு இடர் செய்யாமை, ஸலாத்துக்கு மறுமொழி கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என அவ்வுரிமைகள் எண்ணிச் சொல்லப்பட்டன. வேறிடமில்லை என்ற சொல் விலக்கைக் கடமையாக மாற்றிய வரலாறு இது. இதில் இரு பக்கத்தார்க்கும் பாடம் உண்டு. ஆள்பவர் அச்சொல்லைக் கேட்கவேண்டும். அமர்பவர் இடத்தின் உரிமையைக் கொடுக்கவேண்டும்.

உலகில் இதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. 2020 ஏப்ரலில் லண்டன் லாம்பெத் பகுதியின் பிராக்வெல் பூங்காவில் ஒரே நாளில் சுமார் 3,000 பேர் திரண்டனர். மறுநாளே அது மூடப்பட்டது. தோட்டமில்லாத குடியிருப்புவாசிகளின் குரல் எழவே விரைவில் திறக்கப்பட்டது. நியூயார்க் புரூக்ளினின் டோமினோ பூங்காவில் மே மாதம் புல்தரையில் வெள்ளை வட்டங்கள் வரைந்தனர். வட்டத்துக்குள் ஒரு குடும்பம், இடையில் ஆறடி. எண்ண முடியாத வெளியைச் சிறிது சுண்ணாம்பு எண்ணத்தக்கதாக்கிற்று. தமிழ்நாட்டிலும் 2021 ஜூனில், இரண்டாம் அலை தணியத் தொடங்கிய 27 மாவட்டங்களில், காலை 6 மணி முதல் 9 வரை பூங்காக்களில் நடக்க இசைவளித்தனர். நல்ல தொடக்கம் அது. ஆனால் காலையில் நடப்பவனை நினைத்த ஆணை, மாலையில் களைத்து அமர்பவனை நினைக்கவில்லை.

மற்றொரு கொள்ளைநோய் வராது என்று யாரும் உறுதி கூற இயலாது. வரின், மீண்டும் வாயில்கள் அடைபடும், அடைபடத்தான் வேண்டும். அன்று முதலில் அடைபடுவது பொதுவெளியாகவும் கடைசியில் திறப்பது அதுவாகவும் இராமல் பார்த்துக்கொள்வது, கொல்லையில் வேம்புடைய நம் போன்றோரின் கடமை. முள் போடுவதற்கு முன் ஒரு வினாவைக் கேட்கும் பழக்கம் ஊரில் வேரூன்றினால் போதும்.

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நாம் ஓதியிருக்கிறோம், ஓதுவித்துமிருக்கிறோம். எனினும் அன்று பாதையில் கிடந்த முள் நாமே போட்டது. ஓரிரு வாரங்களுக்குப்பின் ஒருநாள் விடியலில் பார்த்தபோது, எவரோ அதனைக் கரையோரமாக ஒதுக்கி வைத்திருந்தார். யார் என்று நாம் விசாரிக்கவில்லை. அந்த நன்மை அவருடைய ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது. நம்முடையதில் எழுதப்பட்டிருக்க வேண்டியது அது.