நாலாவது சீட்டும் தனி டம்ளரும்

மும்பையில், சான்பாடாவிலிருந்து சி.எஸ்.எம்.டி. போகும் ஹார்பர் லைன் ரயிலில், மூன்று பேருக்கென்று போட்ட இருக்கையில் நாலு பேர் உட்காருவோம். நாலாவதாக வருகிறவர் கெஞ்ச வேண்டியதில்லை. பக்கத்தில் வந்து நின்றாலே மற்ற மூவரும் ஜன்னல் பக்கம் ஒடுங்கிக்கொள்வார்கள். பாதி உடம்பு இருக்கையிலும் மீதி நடைவழியிலுமாக அவர் குர்லா வரைக்குமோ வடாலா வரைக்குமோ வருவார். ‘ஃபோர்த் சீட்’ என்று இதற்குப் பெயரே இருக்கிறது. ரயில்வே எழுதிவைத்த விதி இல்லை இது, ஜனங்களே உண்டாக்கிக்கொண்டது.

பெண்கள் பெட்டியில் இதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. ஏறியதும் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் ஒவ்வொருவராக, “கிதர் உதர்னா ஹை?”, எங்கே இறங்க வேண்டும், என்று கேட்டுக்கொண்டே போவார்கள். செம்பூர் என்று ஒருத்தி சொன்னால் அடுத்த கேள்வி, “கிஸிகோ போலா க்யா?” யாருக்கும் சொல்லவில்லையென்றால் அந்த இடம் கேட்டவளுக்கு. சீட்டு கிடையாது, எழுத்து கிடையாது. கேட்டவள் நாலு இருக்கை தள்ளிப் போய் நின்றாலும், செம்பூரில் எழுந்திருக்கிறவள் கண்ணால் தேடிக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்குவாள். எதிரிலேயே கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றால், இடத்துக்குச் சொல்லிவைத்தவளே பெரும்பாலும் விட்டுக்கொடுப்பாள். மூச்சுவிட இடமில்லாத பெட்டியில் இத்தனை ஒழுங்கு இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

என் அண்ணன் மகன் கட்டிக்கொண்டது ஒரு டச்சுப் பெண்ணை. அவள் எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது இந்த ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். முன்பின் தெரியாதவளிடம் எங்கே இறங்குவாய் என்று கேட்பதே அவளுக்குத் திகைப்பாக இருந்தது. தன் ஊரில் அப்படிக் கேட்டால் மிரண்டுபோவார்கள் என்றாள். அதைவிடப் பெரிய திகைப்பு, யாரோ ஒருத்தி தன் பையை எங்களிடம் நீட்ட, நான் வாங்கி மேலே தட்டில் வைத்தது. “உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எப்படி வாங்கினீர்கள் அத்தை?” என்றாள். நியாயமான கேள்வி. கையில் பையோடு நிற்கிறவளுக்குப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும், அதனால் வாங்கினேன் என்றேன். அவள் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். காரணம் புரிந்தவுடன் அந்தப் பழக்கம் அவளுக்குப் பிடித்தும் போனது. திரும்பி வரும்போது அவளே இரண்டு பேருடைய பையை வாங்கி வைத்தாள்.

வெளியூர்க்காரர்கள் நம்மைப் பார்த்து வியக்கிற பல விஷயங்களுக்கு இப்படி ஒரு பதில் நம்மிடம் உண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறோம், ஏனென்றால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையிலேயே பாய் விரித்துப் படுத்த வீடுகள் நம்முடையவை. பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை, பொங்கலோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத்தான் கொடுப்போம். தாராவியில் பொங்கலன்று தொண்ணூறு அடி ரோட்டிலேயே அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்கள். முற்றம் இல்லாத வீட்டுக்குத் தெருதான் முற்றம்.

இந்த ஊரில் நாமும் ஒரு காலத்தில் விசித்திரப் பிராணிகளாகப் பார்க்கப்பட்டவர்கள்தாம். 1966-இல் சிவசேனை தொடங்கிய பிறகு, தென்னிந்தியர்களுக்கு எதிரான கூச்சலில் நம் லுங்கியே கேலிப்பொருளாயிற்று. இடுப்பில் கட்டுகிற துணியைக் காட்டி ஒரு மனிதனை விரட்டலாம் என்பதை நம் பெரியவர்கள் நேரில் கண்டவர்கள். அந்த ஊரிலேயே இன்றைக்கு மாட்டுங்காவில், 1942-இலிருந்து நடக்கும் ராம நாயக் உடுப்பி போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு எல்லா மொழிக்காரர்களும் காத்து நிற்கிறார்கள். அங்கே அந்த டச்சுப் பெண் ரசத்தைக் கையால் அள்ளப் பழகிய விதத்தைப் பார்த்து இரண்டு மராட்டிப் பாட்டிகள் அவளுக்குப் பாடம் எடுத்தார்கள்.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. ரயில் வாஷியைத் தாண்டிக் கழிமுகப் பாலத்தில் ஏறியதும் சிலர் எழுந்து கதவருகே போய்க் கைகூப்புவார்கள். பிறகு பிளாஸ்டிக் பையில் கட்டிய பழைய பூஜைப் பூக்களை, பையோடு தண்ணீரில் வீசுவார்கள். “குப்பையா அது?” என்றாள் அவள். சாமிக்குப் போட்ட பூ, கால்படும் இடத்தில் கிடக்கக் கூடாது என்றேன். “பிளாஸ்டிக் எதற்கு?” என்றாள். சாமிக்குச் சாத்திய பூவை ஓடுகிற ஆற்றில் விட்ட காலத்தில் அது மக்கி மண்ணானது. அந்த மரியாதைக்கு ஓர் அர்த்தம் இருந்தது. பை மக்காது. கீழே இருப்பது ‘தானே’ கழிமுகம். பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிற இடம், 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை. அலையாத்தி வேர்களில் அந்தப் பைகள் சிக்கித் தொங்குவதை நான் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன். கும்பிடுவதை யாரும் விட வேண்டாம். பூவை ஒரு தொட்டி மண்ணில் போட்டு மூடினால் போதும், அதில் ஒரு துளசி வரும். சொன்னால் கேட்டுக்கொள்ளக்கூடிய தவறுதான் இது. கணேசர் விசர்ஜனத்தின்போது நிர்மால்யத்துக்கென்று வைக்கிற தொட்டிகளில் ஜனங்கள் ஒழுங்காகப் போடத்தான் செய்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. செம்பூரில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். எனக்குப் பெரியம்மா முறை. பாத்திரம் தேய்க்கிற பாயி வேலையை முடித்து நிமிர்ந்தபோது, அந்த டச்சுப் பெண் தானாகவே டீயை ஊற்றி அவளிடம் நீட்டினாள், நாங்கள் குடித்த அதே மாதிரிக் கோப்பையில். பாயி வாங்கவில்லை. அவள் பார்வை சமையலறை ஜன்னல் விளிம்புக்குப் போயிற்று. அங்கே அவளுக்கென்று ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது, விளிம்பு நசுங்கிய சில்வர் டம்ளர். பெரியம்மா அதை எடுத்து, டீயை அதில் மாற்றிக் கொடுத்தார். கோபமில்லை, கடுமையில்லை, தினமும் செய்கிற வேலையைச் செய்கிற மாதிரி. “ஏன்?” என்றாள் அந்தப் பெண், என்னைப் பார்த்து.

சுத்தம் என்று பெரியம்மா சொன்னார். அந்த வீட்டில் அத்தனை பாத்திரத்தையும் சுத்தம் செய்கிறவளே அந்த பாயிதான்.

நம் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்று இதற்குப் பெயர். அரசமைப்பின் 17-ஆவது பிரிவு 1950-இலேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-இல் அதைத் தண்டிக்கச் சட்டமும் வந்தது. சட்டத்துக்குத் தெரிந்த கடைகளே திருந்த எத்தனை காலம் பிடித்தது! அடுக்குமாடி வீட்டின் ஜன்னல் விளிம்பை எந்தச் சட்டம் வந்து பார்க்கும்? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்களில் எத்தனையோ பேர் பஞ்சத்துக்காக மட்டும் ஊரைவிட்டு வரவில்லை. அந்தக் குவளையிடமிருந்தும் தப்பித்துத்தான் வந்தார்கள். அதை நாம் ரயிலேற்றி இங்கேயும் கொண்டுவந்து, ‘அது எங்கள் வீட்டுப் பழக்கம்’ என்கிறோம்.

பழக்கங்களை எடைபோட இப்போது என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான்: இதில் ஒடுங்கி உட்காருகிறவர் யார்? நாலாவது சீட்டில் எல்லோருமே ஒடுங்குகிறோம், நாளைக்கு அந்த நாலாவது ஆள் நானாகவும் இருப்பேன். டம்ளரில் ஒடுங்குகிறவள் அவள் ஒருத்தி, அதுவும் தினமும். காலையில் அவள் மான்குர்டிலிருந்து செம்பூருக்கு வருவது நாங்கள் போகும் அந்தப் பெண்கள் பெட்டியில்தான். அங்கே தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து வருகிறோம், அவள் பையை நாம் வாங்கி வைக்கிறோம், இவள் என்ன ஜாதி என்று ஒருத்தியும் கேட்பதில்லை. செம்பூரில் இறங்கி, நடந்து, படியேறி வருவதற்குள் என்ன ஆகிவிடுகிறது அவளுக்கு?

இதை அப்படியே பெரியம்மாவிடம் கேட்டேன். எண்பதைத் தொடுகிறவர், எனக்குச் சோறூட்டியவர். “இத்தனை வருஷப் பழக்கத்தை இப்போ மாத்தச் சொல்றியா?” என்றார். ஆமாம் பெரியம்மா, அதைத்தான் சொல்கிறேன் என்றேன். அவர் பேசவில்லை. நான் விடுவதாக இல்லை. போகும்போதெல்லாம் கேட்கத்தான் போகிறேன்.