அத்தாட்சிச் சீட்டும் அமானிதமே

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. கருணை நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கணக்கைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில், கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்று அல்லாஹுதஆலா நமக்குக் கட்டளையிடுகிறான். மனிதன் மறப்பான், நாவும் புரளும். எழுத்து நிலைத்து நிற்கும். ஆகவே, உண்மையாக எழுதப்பட்ட சீட்டு ஒரு சாட்சி. ஊசி போட்டுக்கொண்டதற்கு அரசாங்கம் தரும் அத்தாட்சியும் அவ்வகைச் சாட்சியே.

இது நமக்குப் புதிய விஷயமன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த காலத்தில், அம்மை குத்திக்கொண்ட அத்தாட்சியை நம் பெரியவர்கள் பயணச் சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினார்கள். 1980ஆம் ஆண்டு மே மாதம், பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன் பின் அந்தச் சீட்டுக்கு வேலையில்லாமற் போயிற்று. அதைச் சுமந்தவர்கள் அடைந்த பலன் அதுதான்.

ஆனால் சீட்டைக் கேட்கும் அரசாங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. ஜனங்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். ஒவ்வொரு தூதரையும் அவருடைய சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பியதாக இறைவன் இப்ராஹீம் அத்தியாயத்தில் அறிவிக்கிறான். கலீபா உமர் (ரலி) அவர்களின் நடைமுறையைப் பாருங்கள். ஷாம் தேசம் நோக்கிப் போகையில், ஸர்க் என்னுமிடத்தில், அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. முதலில் ஆலோசனை கேட்டார்கள். பிறகு, விடிந்ததும் திரும்புகிறோம் என்று எல்லோரும் அறிய அறிவித்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்கள், இது இறைவிதியை விட்டு ஓடுவதாகாதா என்று வினவினார்கள். கலீபா அதட்டவில்லை. ஒட்டகம் மேய்ப்பவன் வறண்ட பக்கம் மேய்த்தாலும் பசுமையான பக்கம் மேய்த்தாலும் இரண்டும் இறைவிதிக்கு உட்பட்டதே அல்லவா என்று, அரபு மக்கள் அன்றாடம் கண்ட காட்சியைக் கொண்டே விளக்கினார்கள். ஆலோசனை, பகிரங்க அறிவிப்பு, ஐயத்துக்குப் பொறுமையான பதில் ஆகிய மூன்றும் ஆட்சியாளருக்கு அழகு.

நம் மலேசியாவில் 2021 பிப்ரவரி 24 அன்று கோவிட் தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. அதற்கு முன், 2020 டிசம்பரிலேயே, அந்த ஊசி ஆகுமானது என்றும், அரசாங்கம் குறிப்பிடுவோருக்கு வாஜிபு என்றும் தேசிய ஃபத்வா முஸாகராவின் முடிவு வெளிவந்தது. பிறகு மைசெஜாத்ரா செயலியில் அத்தாட்சி வந்தது. இரண்டு தவணை ஊசிக்குப் பின் 14 நாள், ஒரே தவணை ஊசிக்குப் பின் 28 நாள் சென்றால்தான் முழுமை என்ற விதி வந்தது. விதிகள் பலமுறை மாறின. கைபேசியில் இதையெல்லாம் படித்தறிந்தவர் எத்தனை பேர்? ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில், கைபேசி பழகாத முதியவருக்கு யார் எடுத்துச் சொல்வது? அவர் சாமான் வாங்க வரும் கடைக்காரர்தான்! வாசலில் அத்தாட்சியைப் பார்க்கும் பொறுப்பும் அன்று கடைக்காரர் தலையில் விழுந்தது. "சீட்டு இல்லையா, போ" என்று விரட்டுவது எளிது. "அத்தா, ஊசி போட்ட இடத்தில் ஓர் அட்டை கொடுத்தார்களே, அதைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்வது தர்மம். சர்க்கார் சொல் குடிசை வாசல் வரை போய்ச் சேர்வது பல வேளை நம் நாவினால்தான்.

அதே காலத்தில் ஒரு தலைகுனிவும் நேர்ந்தது. 2022 ஜனவரியில், திரங்கானு மாராங்கில், ஊசி போடாமலே அத்தாட்சி விற்றதாக ஒரு தனியார் மருத்துவர் கைது செய்யப்பட்டார். விற்பனைக்கு ஆள் இருந்தால் வாங்கவும் ஆள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? மதீனாக் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மோசடி செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். பொய் அத்தாட்சியும் அத்தகைய குவியல்தான்: மேலே முத்திரை, உள்ளே ஈரம். பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களில் சேர்த்துச் சொன்னபோது, சாய்ந்திருந்த நபிகளார் நிமிர்ந்து அமர்ந்து, திரும்பத் திரும்பக் கூறினார்கள் என ஹதீஸில் வருகிறது.

கோவிட் சீட்டுக் காலம் கழிந்துவிட்டது. 2022 மே முதல் கடை வாசலில் செயலியை ஸ்கேன் செய்யும் கட்டாயமும் நீங்கிற்று. ஆனால் ஹஜ், உம்ராவுக்குப் புறப்படும் நமக்கு வேறோர் அத்தாட்சி இருக்கிறது. அது மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சீட்டு. சவூதி அரசாங்கம் அதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1987 ஹஜ்ஜிலும், 2000, 2001 ஆண்டுகளிலும் அந்நோய் ஹாஜிகளிடையே பரவிற்று. நம் அண்டை நாடான சிங்கப்பூரில், திரும்பி வந்த ஹாஜிகளோடு அவர்கள் வீட்டாரும் நோய்ப்பட்டனர். கிருமி நலமாயிருப்பவர் தொண்டையிலும் தங்கி மற்றவரைப் பற்றும். அங்கே சேருவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் ஊசி போட வேண்டும் என்பது விதி. உடலில் காப்பு உண்டாக அவகாசம் தேவை. கடைசி நாளில் காசு கொடுத்து வாங்கிய வெறும் சீட்டுக்கு மினா கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரைக் காக்கும் சக்தி உண்டா? இஹ்ராம் கட்டும் முன்பே பொய்ச் சாட்சி சொல்லிவிட்டு, லப்பைக் என்று எந்த நாவால் கூறுவது?

ஆகவே சகோதரர்களே! ஊசியைக் காலத்தோடு போட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வதந்தியைப் பரப்பாமல், சுகாதார இலாகாவில் விசாரித்தறிந்து, கடைக்கு வருவோருக்கு நல்ல தமிழில் சொல்லுங்கள். பொய்ச் சீட்டை விலைக்கு வாங்காதீர்கள், பிறருக்கு வழியும் காட்டாதீர்கள். உண்மையும் நாணயமும் உள்ள வியாபாரிக்கு நபிமார்களோடும் ஷுஹதாக்களோடும் இடம் உண்டு என்பது நன்மாராயம். அந்த இடத்தை ஒரு துண்டுக் காகிதத்துக்காக இழக்கலாமா?

யா அல்லாஹ்! எங்கள் சொல்லையும் எழுத்தையும் உண்மையாக்குவாயாக. எங்கள் அண்டை அயலாரை எங்கள் தீங்கிலிருந்து காப்பாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.