வானத்தின் மீதா பழி?

ஆறு கோடி ஆண்டுகள் ஓடி வந்த ஒளி ஒன்று, 2012 அக்டோபர் 27ஆம் நாள், சிலி நாட்டு லா சில்லா மலைமீதுள்ள ‘டாரோட்’ தொலைநோக்கியில் வந்து விழுந்தது. செத்தொழிந்த விண்மீன் ஒன்றின் சாவுச் செய்தி அது!

தென்வானத்தில் ‘உலை’ எனப் பெயர் பெற்ற விண்மீன் கூட்டம் உண்டு. அத்திசையில், அதற்கும் நெடுந்தொலைவு அப்பால் இருக்கிறது என்.ஜி.சி. 1365 எனும் விண்மீன் மண்டலம். நடுவே பாலம் போல் ஓர் ஒளிப்பட்டை. அதன் இரு முனைகளினின்றும் சுருண்டு விரியும் இரு கரங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒளி செல்லவே ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுகளாகும். அத்துணைப் பெரிய மண்டலத்திலே, விண்மீன் ஒன்று வெடித்தது. சூப்பர்நோவா என்கின்றனர் அறிஞர்.

ஏன் வெடித்தது? சனியின் பார்வையா? சாமியின் சீற்றமா? எடை, தோழர்களே, எடை! எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனை வெண்குள்ளன் என்பர். அது துணை விண்மீனிடமிருந்து பொருளை ஈர்த்துப் பருத்து, சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்ற எல்லையை நெருங்கினால் அணுத்தீ மூண்டு வெடிக்கும். அவ்வெல்லையைக் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர். 1930இல், இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. 1935இல் இலண்டன் அவையிலே, புகழ்பெற்ற எடிங்டன் அவர் முடிவை எள்ளி நகையாடினார். பெரியவர் நகைத்ததால் கணக்குப் பொய்த்துவிட்டதா? இல்லை. 1983இல் நோபல் பரிசு சந்திரசேகரைத் தேடி வந்தது.

இவற்றையெல்லாம் அன்னூரில் நம் வகுப்பிலே சொல்லி முடித்தோம். மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, எங்க அக்கா மூல நட்சத்திரம். மாமனாருக்கு ஆகாதென்று மூன்று இடம் தட்டிப்போய்விட்டது. நட்சத்திரத்துக்கு இதெல்லாம் தெரியாதென்றால், அக்காவுக்கு இதைச் செய்தது யார்?”

வகுப்பு வாயடைத்திருந்தது. நாமும் ஒரு நொடி நாவெழாது நின்றோம். பின்னர் சொன்னோம்: “மனிதர்கள்தாம், தம்பி.”

ஆம்! கட்டம் வரைந்தவன் மனிதன். பொருத்தம் பார்த்தவன் மனிதன். பெண் பார்த்துச் சென்று, முகம் பாராது சேதி அனுப்பியவர்களும் மனிதர்களே. பழியை மட்டும் தூக்கி வானத்தின் மேல் வைத்தனர். வானம் மறுத்துப் பேசாதல்லவா? மூடநம்பிக்கை வெறும் அறியாமை மட்டுமன்று. அநீதி செய்தவன் ஒளிந்துகொள்ளும் அரணும் அதுவே.

“வானிலே நீதி இல்லையென்றால், மண்ணிலே நீதி எதற்கு?” எனச் சிலர் கேட்பர். நாம் கேட்கிறோம்: வான் வழங்கும் நீதியென்று நம்பியிருந்த காலத்தில், அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததென்ன? அண்டம் அன்பும் அறியாது, பகையும் அறியாது. ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த விண்மீன் வெடித்தபோது மனித இனமே இல்லை. நாம் அழிந்தாலும் அதன் ஒளி ஓடிக்கொண்டேயிருக்கும். அறம் என்பது மனிதன் மனிதனுக்காக ஆக்கிய பொருள். ஆக்கியவன் காக்கத் தவறினால், காப்பதற்கு வேறு எவரும் வாரார்.

இன்னொன்றும் கேளுங்கள். இத்தகைய வெடிப்புகளில் பெருமளவு இரும்பு உருவாகி வெளியெங்கும் சிதறுகிறது. சூரியன் தோன்றுமுன் இப்படி மடிந்த மீன்கள் தந்த இரும்பே இன்று நம் குருதியில் ஓடிச் செந்நிறம் தருகிறது. தோட்டத்துக்காரர் குருதியிலும் அதே இரும்பு. காட்டு வேலைக்கு வருவோர் குருதியிலும் அதே இரும்பு! இதில் உயர்ந்த இரும்பு எது? தாழ்ந்த இரும்பு எது?

தோழர்களே, விண்மீன்களை அண்ணாந்து பாருங்கள், வியந்து போற்றுங்கள். ஆனால் தீர்ப்பு அவற்றிடம் கேளாதீர்! அடுத்த முறை உங்கள் வீட்டுத் திண்ணையில் ஜாதகம் விரிக்கப்படும்போது, எழுந்து நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: “பெண்ணின் மனம் கேட்டீர்களா?”