விண்ணப்பத்தில் எழுதப்படும் கருணை

பிசியோதெரபி என்று வழக்கில் அறியப்படும் இயன்முறை மருத்துவத்தை அமெரிக்காவில் தொழிலாக மேற்கொள்ள விரும்புபவர், இளநிலைப் பட்டம் பெற்றபின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீளும் தொழில்முறை முனைவர் படிப்பு ஒன்றில் இடம்பெற வேண்டும். ஆய்வு செய்வதற்காக அன்றி நோயாளிகளிடையே பணிசெய்வதற்காக வழங்கப்படும் இப்பட்டத்துக்கான படிப்பு 1993-இல் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின், அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் அனைத்துக்கும் இதுவே கட்டாய நுழைவுப் பட்டமாயிற்று. இப்படிப்புக்கு விண்ணப்பிப்பவர் உடற்கூற்றியல், உடலியங்கியல், இயற்பியல், வேதியியல், புள்ளியியல் முதலிய பாடங்களில் பெற்ற மதிப்பெண்களையும், தம்மை அறிந்தோர் எழுதிய பரிந்துரைக் கடிதங்களையும் அனுப்புகிறார். உரிமம் பெற்ற இயன்முறை மருத்துவரின் அருகிலிருந்து அவர் பணியைக் கவனித்த மணிநேரங்களுக்கான சான்றைப் பல கல்லூரிகள் கேட்கின்றன. இவற்றோடு, இத்தொழிலை ஏன் நாடுகிறார், அதற்குத் தம்மிடம் உள்ள தகுதி யாது என்பதை விளக்கும் தன்விளக்கக் கட்டுரை ஒன்றும் செல்கிறது. மற்றவையெல்லாம் அறிவையும் உழைப்பையும் அளக்க முயல, இக்கட்டுரை ஒன்றே விண்ணப்பிப்பவரின் உள்ளத்தைப் பற்றிக் கேட்கிறது. அதனால்தான் சமயவாதிகளும் மெய்யியலாரும் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த வினா ஒன்று இங்கே எழுகிறது. பிறர் துன்பம் கண்டு இரங்கும் மனம் தமக்கு உண்டு என்பதை, ஒருவர் போட்டியில் வெல்வதற்கான தகுதியாக முன்வைக்கலாமா? அவ்வாறு முன்வைத்த பின்னும் அது இரக்கமாகவே எஞ்சுமா?

இவ்வினாவைத் தவிர்த்துவிட முடியாதபடி இத்தொழிலின் இயல்பே அமைந்துள்ளது. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களை மீண்டும் நடக்கவும் உழைக்கவும் பழக்கிய மறுசீரமைப்பு உதவியாளர்கள் எனப்பட்ட பெண்களின் பணியிலிருந்தே அமெரிக்காவில் இத்துறை உருப்பெற்றது. அவர்களுள் ஒருவரான மேரி மெக்மில்லன், 1921-இல் நிறுவப்பட்ட தொழில்முறைச் சங்கத்தின் முதல் தலைவரானார். இன்று அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கமாக விளங்கும் அவ்வமைப்பு, தொழிலின் அடிப்படை விழுமியங்களுள் கருணையையும் தன்னலமின்மையையும் வெளிப்படையாகவே சேர்த்துள்ளது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரையும், காலை இழந்து செயற்கைக் காலில் ஊன்றிப் பழகுபவரையும், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தையையும் வாரக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில், கையால் தொட்டுத் தாங்கிப் பணிசெய்ய வேண்டிய ஒருவரிடம் இரக்கம் உண்டா என்று தேர்வுக் குழு கேட்பது பிழையாகாது. ஆயினும் மதிப்பெண்ணைச் சரிபார்ப்பதுபோல இரக்கத்தைச் சரிபார்க்க இயலாது. அதற்குரிய முதற் சான்று, அதை உடையவர் எனத் தம்மைக் கூறிக்கொள்பவரின் சொல்லாகவே இருக்கிறது.

ஏன் இத்தொழில் என்ற கேள்வி, அழைப்பு என்னும் கிறித்தவக் கருத்தின் வழித்தோன்றல் எனலாம். பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்த இறையியலாளரான ஜான் கால்வின், திருச்சபைப் பணிக்கு வருவோரிடம் இருவகை அழைப்பைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பேராசையாலோ வேறு தன்னலத்தாலோ அன்றி உண்மையான இறையச்சத்தால் இப்பணியை ஏற்கிறேன் என்று ஒருவரின் மனச்சான்று கடவுளின் முன் உணரும் அக அழைப்பு. மற்றொன்று, தகுதியை ஆராய்ந்து சபை அளிக்கும் புற அழைப்பு. அக அழைப்புக்குச் சபை சாட்சியாக முடியாது என்று கால்வின் கருதியது இங்கே பெரிதும் பொருந்துகிறது. இருவகை அழைப்பையும் ஒரே தாளில் சேர்த்துவிடுவதே இக்கால விண்ணப்பத்தின் இக்கட்டு. கடவுளின் முன் மட்டும் சொல்லத்தக்க ஒன்றை, தேர்வுக் குழுவின் முன், அதன் ஒப்புதலைப் பெறும் நோக்கத்தோடு சொல்லுமாறு அது விண்ணப்பிப்பவரைத் தூண்டுகிறது.

இந்த இக்கட்டின் கூர்மை, இயேசுவின் மலைப்பொழிவில் இரு போதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றும் இடத்தில் நன்கு புலப்படும். மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம், சீடர்களின் நற்செயல்கள் மனிதர்முன் ஒளிரட்டும் என்று பணிக்கிறது. அடுத்த அதிகாரமோ, மனிதர் காணவேண்டும் என்பதற்காக அறம் செய்வதைக் கண்டித்து, ஈகையை மறைவில் செய்யுமாறு அறிவுறுத்துகிறது. இவ்விரண்டையும் தம் விளக்கவுரையில் எதிர்கொண்ட புனித அகஸ்டின், காணப்படுவது குற்றமன்று, காணப்படுவதையும் புகழப்படுவதையும் செயலின் இறுதி நோக்கமாக்கிக்கொள்வதே குற்றம் என்று தீர்வு கண்டார். இத்தீர்வு விண்ணப்பிப்பவருக்கு ஓரளவு ஆறுதல் தருகிறது. முதியோர் இல்லத்தில் செய்த தொண்டைக் கட்டுரையில் குறிப்பிடுவதாலேயே அத்தொண்டு கெட்டுவிடுவதில்லை. ஆனால், குறிப்பிடுவதற்கென்றே அத்தொண்டு தேடிச் செய்யப்பட்டதா என்ற ஐயத்தை அகஸ்டினின் தீர்வு நீக்கவில்லை. மாறாக, அதை விண்ணப்பிப்பவரின் உள்ளத்துக்கே திருப்பிவிடுகிறது.

தற்புகழ்ச்சியின் எல்லையைத் தமிழ் மரபும் நுட்பமாக வரையறுத்துள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய இலக்கண நூலாகிய நன்னூல், தன் பாயிரப் பகுதியில், எத்துணைத் துறைகளில் தேர்ந்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்று பொதுவிதி கூறுகிறது. பின்னர் அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தம் ஆற்றலை அறியாதவரிடையேயும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், மாற்றார் தம்மைப் பழித்தபோதும் புலவர்க்கு அது தகும் என்று விலக்கு அளிக்கிறது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்படும் தன்விளக்கம் இவற்றுள் முதல் இரண்டு சூழல்களையும் ஒத்தது: அதிகாரம் உடையவர்க்கு எழுதப்படுவது, எழுதுபவரை அறியாதவர்களால் படிக்கப்படுவது. நூலாசிரியரின் பெருமையைக் கூறும் சிறப்புப்பாயிரத்தை அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுதவேண்டும் என்று அதே நூல் வகுத்திருப்பதும் எண்ணத்தக்கது. தகுதியைச் சொல்லும் பொறுப்பை இயன்றவரை பிறரிடம் விட்டுவிட்டு, பிறர் அறிய முடியாததை மட்டும் தாமே சொல்வது என்னும் இவ்வொழுங்கு, பரிந்துரைக் கடிதத்துக்கும் தன்விளக்கக் கட்டுரைக்கும் இடையே இருக்கவேண்டிய எல்லையைச் செம்மையாகவே காட்டுகிறது. ஒருவர் கனிவானவர் என்பதை அவரைக் கண்டவர் சொல்லட்டும். அவர் எதைக் கண்டார், அதிலிருந்து எதைக் கற்றார் என்பதை அவரே சொல்லட்டும்.

அவ்வாறு சொல்லும்போது காக்கவேண்டிய அளவை அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் நூலில் விளக்குகிறார். இல்லாத சிறப்பை இருப்பதாகக் கூறும் வீம்புக்கும், இருப்பதைக் குறைத்துக் கூறும் போலிப் பணிவுக்கும் இடையே, உள்ளதை உள்ளவாறு கூறும் வாய்மையை அவர் நற்பண்பாக வைக்கிறார். விண்ணப்பக் கட்டுரையில் வீம்பு எளிதில் அடையாளம் காணப்படும். ஆனால் தாழ்மையைக்கூட ஓர் அணிகலனாக அணிந்துகொள்ளும் இரண்டாவது பிழை, சமயப் பற்றும் நல்லெண்ணமும் உடையவர்களையே மிகுதியாகப் பற்றுகிறது என்பதால் அதனிடம் கூடுதல் விழிப்பு வேண்டும்.

எனினும், உள்ளதை உள்ளவாறு கூற விரும்புபவர் தம் உள்ளத்தையே முழுமையாக அறிவாரா? இம்மானுவேல் காண்ட், 1785-இல் வெளியிட்ட அறநெறி பற்றிய நூலில், எவ்வளவு கடுமையாகத் தன்னைச் சோதித்தாலும், கடமையுணர்வு என்று தோன்றியதன் பின்னே தன்னலத்தின் மறைவான தூண்டுதல் ஏதும் இயங்கவில்லை என்று ஒருவர் உறுதியாகக் கூற இயலாது என வாதிட்டார். இயன்முறை மருத்துவத்தை நாடுபவரிடம் நோயுற்ற பாட்டியின் நினைவும், விளையாட்டில் காயமுற்றுத் தாம் தேறிய அனுபவமும், நிலையான வருவாய் வேண்டும் என்ற விருப்பமும், மதிப்புள்ள பட்டத்தின் மீதான ஆசையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கலாம். படிப்புக்காகப் பெருங்கடன் சுமக்கப்போகும் ஒருவர் பிழைப்பைப் பற்றி எண்ணுவது இழிவும் அன்று. தூய நோக்கம் ஒன்றே தம்மை இயக்குகிறது என்று எழுதுபவர் பொய் சொல்லவில்லையாயினும், தமக்குத் தெரியாத ஒன்றுக்கு உறுதி அளிக்கிறார். ஆகவே, நோக்கத்தின் தூய்மை விண்ணப்பத்தில் கேட்கத்தக்கதும் அன்று, கூறத்தக்கதும் அன்று; எத்தகைய செயல்களுக்கு ஒருவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறார் என்பதே கேட்கவும் கூறவும் உரியது. தன் சொந்தத் துயரத்தால் பிறர்மீதான பரிவு வறண்டுபோன நிலையிலும் கடமையால் உதவும் மனிதரைக் காண்ட் அதே நூலில் எடுத்துக்காட்டுகிறார். நாளின் கடைசி நோயாளியைச் சந்திக்கும் களைத்த மருத்துவரிடம் எதிர்பார்க்கப்படுவதும் அத்தகைய உறுதியே அன்றி, பொங்கி எழும் உணர்ச்சி அன்று.

இந்த உறுதியும், அதற்கு முன் வேண்டிய, நோயாளியை உற்றுநோக்கும் கவனமும் பழக்கத்தால் வருவன என்பதால், பலரால் வெற்றுச் சடங்காகக் கருதப்படும் கவனிப்பு மணிநேரங்கள் விண்ணப்பத்தின் மிக ஆழமான பகுதியாகின்றன. முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் மூட்டு இறுகிவிடாதிருக்க அதை மடக்கியும் நீட்டியும் பழக்கவேண்டும். நோயாளி வலியால் முகம் சுளிக்கிறார். மருத்துவரோ எந்த வலி தாங்கத்தக்கது, எந்த வலி தீங்கின் அறிகுறி என்பதை அவர் முகத்திலும் மூச்சிலும் மூட்டின் வீக்கத்திலும் ஆராய்ந்தவாறு பயிற்சியைத் தொடர்கிறார் அல்லது நிறுத்துகிறார். பக்கவாதத்திலிருந்து தேறுபவர் முதல் அடி எடுத்துவைக்கும்போது, விழாமல் காக்கும் அளவுக்கு நெருங்கியும், தம் காலை அவரே ஊன்றும் அளவுக்கு விலகியும் நிற்கிறார். வலியைக் கண்டதும் கையை எடுத்துவிடும் இரக்கமும், தடுமாற்றத்தைக் கண்டதும் முழுவதுமாகத் தூக்கிவிடும் இரக்கமும் இங்கே தீங்காக முடியும் என்பதை அறைமூலையில் நின்று பார்க்கும் மாணவர் அறிகிறார். தமக்கு இருப்பதாக அவர் எண்ணிவந்த கருணை இன்னும் பக்குவப்படாதது என்ற அறிவே அம்மணிநேரங்களின் முதற்பயன்.

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வேய், பள்ளிப் படிப்பைக் கடவுள்மீதான அன்போடு இணைத்து 1942-இல் எழுதிய கட்டுரையில், கவனம் என்பதைப் பிறரன்பின் சாரமாகக் காட்டுகிறார். தன் எண்ணங்களை ஒதுக்கிவைத்து, எதிரிலுள்ளதை அது உள்ளபடி ஏற்பதற்காக உள்ளத்தைத் திறந்து காத்திருப்பதே அவர் கூறும் கவனம். துன்புறுபவரிடம் அத்தகைய கவனத்தைச் செலுத்தும் ஆற்றல் மிக அரிது என்றும், வடிவியல் கணக்கு ஒன்றில் மனம் ஊன்றி உழைப்பது, விடை கிட்டாதபோதும், அவ்வாற்றலை வளர்க்கிறது என்றும் அவர் நம்பினார். இந்நோக்கில், தசைகளின் தொடக்கமும் முடிவும் நரம்புகளின் வழியும் மனப்பாடமாகும்வரை ஒருவர் படிக்கும் உடற்கூற்றியலும், மருத்துவமனையில் அவர் பேசாது நின்று பார்த்த பொழுதுகளும் ஒரே பயிற்சியின் இரு பகுதிகளாகின்றன. அம்மணிநேரங்களை எண்ணிக் கையொப்பம் பெறுவது கவனத்தை அளந்துவிடாது. ஆனால் கவனம் பிறப்பதற்கான இடத்தில் ஒருவர் நின்றார் என்பதற்கு அது சான்றாகும்.

தேர்வுக் குழு இறுதியில் சிலரை ஏற்றுப் பலரைத் திருப்பி அனுப்புகிறது. தன் உள்ளத்தையே திறந்துவைத்ததாக எண்ணும் ஒருவருக்கு மறுப்பு, கல்வி நிலையத்தின் முடிவாக மட்டும் தோன்றாமல், தன் ஆன்மாவின் மீதான தீர்ப்பாகவே தோன்றிவிடக் கூடும். 1971-இல் வெளிவந்த நீதிக் கோட்பாட்டு நூலில் ஜான் ரால்ஸ் செய்த பாகுபாடு இங்கே தேவைப்படுகிறது: ஒரு நிறுவனம் தன் விதிகளை அறிவித்து, அவற்றை நிறைவேற்றியவருக்கு அளிக்கும் உரிமை வேறு, ஒருவரின் அறமதிப்பு வேறு. இடம் கிடைத்தவர் அதற்கு உரிமையுடையவரே அன்றி, கிடைக்காதவரைவிட நல்லவர் என்று நிறுவப்பட்டவர் அல்லர். வெற்றியிலும் தோல்வியிலும் நடுநிலை பிறழாமல் செயலாற்றுவதை யோகம் என்று பகவத்கீதை கூறுவதும், விண்ணப்பிப்பதையே கைவிடச் சொல்வதாகாது. செயலின் மதிப்பை அதன் விளைவிடம் அடகு வைக்காதிருக்கச் சொல்வதாகும். புற அழைப்பு கிட்டாதவரிடம் அக அழைப்பு பொய்த்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் எந்தக் குழுவுக்கும் இல்லை. கற்ற கவனம், வீட்டிலுள்ள முதியவரிடமும் வேறு தொழிலில் எதிர்ப்படும் மனிதரிடமும் தன் பயனைத் தந்துகொண்டே இருக்கும்.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், கருணையைத் தகுதியாக முன்வைக்கலாமா என்ற வினாவுக்கு விடை தெளிவாகிறது. கருணையைத் தம் உடைமையாகக் காட்டி அதற்குப் பரிசாக இடத்தைக் கோருவது தகாது. ஏனெனில் அதன் தூய்மையை எழுதுபவரும் அறியார், படிப்பவரும் அறியார். கருணையை ஒரு கடப்பாடாக ஏற்று, அதைக் கற்றுக்கொள்ள அனுமதி கேட்பது தகும். அது உண்மையாகவும் இருக்கும், சரிபார்க்கவும் இயலும். நோயாளியிடம் கண்டதைத் திரிக்காமல் எழுதுவதும், அங்கே தம் அறியாமை வெளிப்பட்ட இடத்தை மறைக்காமலும் அலங்கரிக்காமலும் கூறுவதும், பிழைப்பின் தேவையை ஒப்புக்கொள்ள நாணாதிருப்பதும், நற்பண்பைப் பற்றிய சாட்சியைப் பிறரிடம் விட்டுவிடுவதும் அத்தகைய விண்ணப்பத்தின் இலக்கணம். தேர்ந்தெடுப்போர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு: கண்ணீரை வரவழைக்கும் கதைக்கு மிகுதியாகவும், தெளிவாகக் கண்டு எளிமையாகச் சொன்ன கட்டுரைக்குக் குறைவாகவும் மதிப்பளிக்கும் குழு, தான் விரும்பும் கருணையை நடிப்பாக மாறப் பழக்குகிறது. நோயாளியின் உடலைத் தொடும் உரிமையை எதிர்காலத்தில் பெறவிருப்பவரிடம், வாய்மையை முதல் விண்ணப்பத் தாளிலிருந்தே கேட்பதும் போற்றுவதும் அந்நோயாளிக்குச் செய்யும் முதல் நன்மையாகும்.