மானுக்குப் பட்ட கடன்

அமெரிக்க மாநிலங்களின் வேட்டைச் சட்டங்களில் எண்களுக்குப் பஞ்சமில்லை. வேட்டைக் காலம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, ஒருவர் எத்தனை மான் வீழ்த்தலாம், சூரிய உதயத்துக்கு எவ்வளவு நேரம் முன்னால் வேட்டையைத் தொடங்கலாம், வில்லின் இழுவிசை குறைந்தது எத்தனை பவுண்டு இருக்க வேண்டும் என்று வரிசையாகப் போகும். எவ்வளவு தூரத்துக்கு அப்பால் அம்பு எய்யக் கூடாது என்பதை மட்டும் சட்டம் பொதுவாகத் தொடுவதில்லை. அந்த எண்ணை வேட்டைக்காரரே தமக்கு விதித்துக்கொள்கிறார். கப்பி பூட்டிய காம்பவுண்டு வில்லையும் குறிபார்க்கும் ஊசியையும் தூரமானியையும் ஒதுக்கிவிட்டு, நெடுவில்லோடும் ரீகர்வ் வில்லோடும் காட்டுக்குப் போகிறவர்களிடையே அடிக்கடி கேட்கும் எண் 20 கஜம், அதாவது ஏறத்தாழ 18 மீட்டர். 15 கஜத்தோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு, 25 வரை போகிறவர்களும் உண்டு. இவர்களில் சிலர் பயிற்சித் திடலில் 40 கஜத்திலும் அம்புகளை நெருக்கமாகப் பதிக்கக் கூடியவர்கள். ஆனாலும் 30 கஜத்தில் ஒரு மான் அசையாமல் நின்றால் நாணை இழுப்பதில்லை என்று வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்கிறார்கள். மீறினால் அபராதம் இல்லை, பார்த்தவர் சொல்லிவிடுவார் என்ற பயமும் இல்லை. தாமே வில் செதுக்கி வேட்டையாடிய அல்டோ லியோபோல்ட், அவர் இறந்த மறு ஆண்டு 1949இல் வெளிவந்த 'எ சாண்ட் கவுன்டி அல்மனாக்' நூலில், கைதட்டவோ கண்டிக்கவோ பார்வையாளர் இல்லாததைத்தான் வேட்டை அறத்தின் தனித்தன்மையாகக் கண்டார்.

பார்ப்பவர் இல்லை, தண்டிப்பவர் இல்லை, விதித்தவரும் தானே என்றால் இந்த எல்லை எந்த வகையில் ஒருவரைக் கட்டுப்படுத்தும்? இது வேட்டைக்காரர்களுக்கு மட்டுமான சந்தேகம் அல்ல. இம்மானுவேல் கான்ட் 1797இல் வெளியிட்ட ஒழுக்கத்தின் மெய்யியல் பற்றிய நூலில், தனக்குத் தானே பட்ட கடமை என்பதே முரண்பாடாகத் தோன்றுகிறது என்று எழுதினார். கட்டுபவனும் கட்டப்படுபவனும் ஒருவனே என்றால், அவன் நினைத்த நேரத்தில் முடிச்சை அவிழ்த்துவிடலாமே. மனிதனைப் பகுத்தறியும் உயிர், புலன்களால் ஆளப்படும் உயிர் என இரண்டாகப் பார்த்து கான்ட் அதிலிருந்து வெளியேறுகிறார். வில் வேட்டையின் தூர எல்லைக்கு அவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எல்லையை வகுத்தது வேட்டைக்காரராக இருக்கலாம், ஆனால் அது யாருக்குச் சேர வேண்டியது என்று கேட்டால் விடை மான்தான். எவ்வளவு கடன் வாங்குவது என்பதைக் கடன் வாங்குபவர் முடிவு செய்யலாம். வாங்கியபின் அதைத் தள்ளுபடி செய்யும் உரிமை அவரிடம் இல்லை. கான்ட் இதை ஏற்றிருக்க மாட்டார். விலங்குகள் தொடர்பான கடமைகள் எல்லாம் உண்மையில் மனிதன் தனக்கே பட்ட கடமைகள் என்பது அவர் நிலைப்பாடு. அவர் தவறினார் என்று காட்ட, பாயும் அம்பையே முதல் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

நெடுவில், ரீகர்வ் போன்ற மரபு வில்லிலிருந்து கிளம்பும் வேட்டை அம்பு நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாண் அதிரும் ஓசை நொடிக்கு 340 மீட்டருக்கு மேல் போகிறது. 20 கஜத்தில் ஓசை மானின் காதை எட்டியபின் அம்பு வந்து சேர மூன்றில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது. 40 கஜத்தில் அந்த இடைவெளி இரு மடங்கு. ஓசை கேட்டுத் திடுக்கிடும் மான் துள்ளுவதற்காக முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. நெஞ்சுக்கு எய்த அம்பு முதுகில் பாய்வது இப்படித்தான். தூரத்தைத் தவறாகக் கணிப்பது அடுத்த சிக்கல். வெண்வால் மானைப் பக்கவாட்டில் பார்த்தால் இதயமும் நுரையீரலும் சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத்துக்குள் அடங்கிவிடும். 22 கஜத்தில் நிற்பதை 20 என்று கண்ணால் மதிப்பிட்டு எய்தால் அம்பு குறிக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் கீழே போகும், அதாவது வட்டத்துக்குள்ளேயே விழும். 44 கஜத்தில் நிற்பதை 40 என்று நினைத்து எய்தால், பத்து விழுக்காடு என்ற அதே அளவு பிழைதான், அம்பு 26 சென்டிமீட்டர் கீழே போய்விடும். தூரம் இரட்டித்தால் பிழையின் விளைவு நான்கு மடங்காகிறது. காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் மோசம். இந்தக் கணக்கில் வில்லாளியின் கைத்திறன் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கை நடுங்காதவருக்கும் அம்பு அதே நேரம்தான் எடுக்கிறது, மானும் அதே வேகத்தில்தான் தாழ்கிறது. ஆகவே தூர எல்லை என்பது 'என்னால் எவ்வளவு முடியும்' என்பதன் அளவு அல்ல. மானைப் பற்றி எய்பவருக்குத் தெரியாததன் அளவு அது. தெரியாமையின் விலையை யார் கொடுப்பது என்பதே அறக் கேள்வி. எய்யாமல் விட்டால் எய்யாதவருக்கு இறைச்சி இல்லை. எய்து பிசகினால் மான் குடலில் இரும்போடு புதருக்குள் போகிறது.

எல்லை மானுக்கு உரியது என்பதற்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. முதல் அம்பு பிசகி, மான் காயத்தோடு 45 கஜத்தில் போய் நிற்கிறது. 20 கஜம் என்று சபதம் எடுத்தவர் இப்போது என்ன செய்வது? எல்லை அவருடைய தூய்மைக்கான நோன்பு என்றால் வில்லைக் கீழே வைக்க வேண்டும். அனுபவமுள்ள வில் வேட்டைக்காரர் யாரும் அப்படிச் சொல்வதாகத் தெரியவில்லை. வழி தெளிவாக இருந்தால் உடனே அடுத்த அம்பைத் தொடு என்பதுதான் அவர்கள் சொல்வது. 45 கஜத்தில் முதல் அம்பைத் தடுத்திருக்கும் அதே காரணம் இரண்டாம் அம்பைக் கட்டாயமாக்குகிறது. எண் மீறப்படுகிறது, கடமை மீறப்படவில்லை. தனக்குத் தானே பட்ட கடமையாக மட்டும் பார்த்தால் இந்த மாற்றத்தை விளக்க முடியாது.

தூரத்துக்கு எல்லை வகுக்கும் விரதத்தை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள், வேட்டையைப் பெரும் பாவமாகக் கருதிய சமணர்கள் என்பது விந்தைதான். சமண இல்லறத்தார் ஏற்கும் விரதங்களில் திக்விரதம் ஒன்று: ஒவ்வொரு திசையிலும் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் போவதில்லை என்று வரையறுத்துக்கொள்வது. தமிழில் அருங்கலச்செப்பும் இதைப் பேசுகிறது. எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்கு அவரால் தீங்கில்லை, ஆகவே அந்தப் பரப்பைப் பொறுத்தவரை அவர் மாவிரதம் பூண்ட துறவிக்கு ஒப்பானவர் என்பது அதன் பின்னுள்ள தர்க்கம். எல்லை உயிர்களை முன்வைத்தே நியாயம் பெறுகிறது, போகிறவரின் மனவுறுதியை முன்வைத்து அல்ல. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இந்த விரதம் பழுதுபடும் ஐந்து வழிகளைச் சொல்கிறது. மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லை தாண்டுவது மூன்று. மற்ற இரண்டும் கூர்மையானவை: எல்லையை நீட்டிக்கொள்வது, வகுத்த எல்லையை மறந்துபோவது. காட்டில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டுதான். 20 கஜம் என்று சொன்னவர் 50 கஜத்துக்குத் தாவிவிடுவதில்லை. பருவம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, இன்னும் ஒன்றும் கிடைக்காத நிலையில், பெரிய கொம்புள்ள ஆண் மான் 26 கஜத்தில் வந்து நின்றால், 26 அப்படியொன்றும் அதிகமில்லை என்று தோன்றும். மூச்சு வாங்குகிறது, கை துடிக்கிறது. அந்த நேரத்தில் எழும் எண் எதையும் நம்ப முடியாது. எல்லையை மாற்றவே கூடாது என்பதில்லை. கோடை முழுவதும் பயிற்சி செய்து, முதல் அம்பு எங்கே விழுகிறது என்பதை நாள்தோறும் கவனித்து, வேட்டைக் காலம் தொடங்கும் முன் மாற்றலாம். மானைக் கண்ட பிறகு மாற்றுவது திருத்தம் அல்ல, நழுவல்.

மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் எதிராக ஒரு வலுவான கேள்வி இருக்கிறது. மான்மீது அவ்வளவு அக்கறை என்றால் துப்பாக்கியை எடுத்துப் போவதுதானே? வலுக்குறைந்த ஆயுதத்தைத் தானாகத் தேர்ந்துவிட்டு, பிறகு அதன் குறைக்காகக் கட்டுப்பாடு காக்கிறேன் என்று பெருமைப்படுவது கொஞ்சம் வேடிக்கைதான். பிரிட்டன் 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் வில்லால் விலங்கைக் கொல்வதைத் தடை செய்தது. ஜெர்மனியின் வேட்டைச் சட்டமும் குளம்புள்ள விலங்குகள்மீது அம்பு எய்வதை அனுமதிப்பதில்லை. இந்தக் கேள்விக்கு ஸ்பானிய மெய்யியலாளர் ஹோசே ஒர்தேகா இ காஸெத் 1942இல் வேட்டை பற்றி எழுதிய நெடிய முன்னுரை ஒரு விடை வைத்திருக்கிறது: விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இருக்கும்படி மனிதன் தன் மேலாண்மையைத் தானே குறைத்துக்கொள்வதில்தான் வேட்டை வேட்டையாகிறது, அது இல்லையேல் வெறும் கொலை. அழகான வாதம், பாதிதான் சரி. அவர் பேசும் குறைப்பு வேட்டைக்காரரின் அனுபவத்தைச் செழுமையாக்குகிறது, அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை அவர் போதுமான அளவு கேட்கவில்லை. வில்லை எடுத்துக்கொண்டு துப்பாக்கிக்குரிய துணிச்சலோடு எய்தால் குறைபாடு மானுக்குத்தான். தப்பும் வாய்ப்பு அல்ல, நோகச் சாகும் வாய்ப்புதான் அதற்குக் கூடுகிறது. வில்லைத் தேர்ந்தது நியாயமாக வேண்டுமானால் அந்தத் தேர்வின் சுமை முழுவதையும் தேர்ந்தவரே தாங்க வேண்டும்: நெருங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், விட்டுவிட வேண்டும். தூர எல்லை அந்தச் சுமையை மானிடமிருந்து எடுத்து வேட்டைக்காரர்மேல் வைக்கிறது. வேட்டையே கூடாது என்பவருக்கு இது விடையாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய நிலை இதைவிட உயர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அவரும்கூட, வேட்டை நடக்கும் உலகில் 20 கஜமும் 50 கஜமும் மானுக்கு ஒன்றே என்று சொல்ல மாட்டார்.

எல்லை இருந்தும் காயங்கள் நிற்கவில்லையே என்பது அடுத்த மறுப்பு. ஒக்லஹோமா மாநிலத்தின் மெக்அலெஸ்டர் ராணுவ வெடிமருந்துத் தளத்தில் மரபு வில்லுக்கு மட்டுமே வேட்டை அனுமதி. 1990களின் நடுவில் அங்கே ஆண் மான்களுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தபோது, அம்பு பட்ட மான்களில் ஏறத்தாழ பாதி எய்தவர் கைக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. நவீன வில்களை வைத்து மேரிலாந்தின் ஒரு கடற்படைத் தளத்தில் பல ஆண்டுகள் எடுத்த கணக்கில் அந்த விகிதம் 18 விழுக்காடு. மரபு வில்லின் அன்பர்களுக்கு இது கசக்கும் செய்தி. மெக்அலெஸ்டரில் கிடைக்காமல் போனவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன என்பதை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அதில் ஆறுதல் தேடுவது சரியல்ல. காயம் ஆறியது மானின் உடல்வலிமை. எய்தவரின் கணக்கில் அதை வரவு வைக்க முடியாது. இந்த எண்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. 20 கஜம் என்பது உரிமை எல்லை ஆகிவிடக் கூடாது. தலையைத் தூக்கிக் காதை இந்தப் பக்கம் திருப்பி நிற்கும் மான், நேராக எய்பவரைப் பார்த்து நிற்கும் மான், குறுக்கே சிறு கிளை உள்ள மான், பின்னால் இன்னொரு மான் நிற்கும் மான் என எல்லைக்குள்ளேயே எய்யக் கூடாதவை ஏராளம். எண்ணை மட்டும் பிடித்துக்கொள்பவர் 18 கஜத்தில் மிரண்டு நிற்கும் மானை மனச்சாட்சி உறுத்தாமல் எய்துவிடுவார். மேய்ச்சலில் மூழ்கிய மானைவிட அது அவருக்கு எவ்வளவோ தொலைவில் இருக்கிறது.

திறமைசாலிகளை எல்லைக்குள் அடைப்பது ஏன் என்று ஹவார்ட் ஹில்லின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தில் அம்பு எய்யும் காட்சிகளுக்குக் கைகொடுத்தவர் அவர்; நெடுந்தூரக் குறிகளுக்குப் பேர்போனவர். அவருக்கும் சாதாரணருக்கும் ஒரே எண் பொருந்தாது என்பது சரி, அதனால்தான் சட்டம் வகுப்பதைவிடத் தாமே வகுப்பது மேல். ஆனால் பெயர்பெற்ற நீண்ட குறிகளின் கதையில் தவறிய அம்புகள் இடம்பெறுவதில்லை.

எல்லை வகுப்பதெல்லாம் பசியறியாதவரின் சொகுசு என்று சொல்பவருக்கு இஷியைக் காட்டலாம். கலிஃபோர்னியாவின் யாஹி மக்களில் கடைசியாக எஞ்சியவர், 1911இல் ஓரோவில் அருகே வெளியுலகுக்கு வந்தவர், 1916இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தவர். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில் பழகி, அமெரிக்க வில் வேட்டையின் மறுமலர்ச்சிக்கு வித்திட்டார். போப் எழுதிவைத்ததன்படி, வேட்டைக்கு முன் இஷி மீன் உண்பதில்லை, புகைப்பதில்லை, விடியலில் ஓடையில் குளிப்பார். எல்லாம் மானின் மூக்குக்கு எட்டாமல் இருக்க. பிறகு மறைந்திருந்து ஓசை எழுப்பி விலங்கை அருகே வரவழைப்பார். ஓடிப்போன மான் போய்விட்ட உணவு, தொலைந்த அம்பு பல நாள் வேலை என்று வாழ்ந்தவருக்கு நெருங்குவதுதான் சிக்கனம். அவர் நெருங்குவதற்குக் கொடுத்த விலை உழைப்பு. இன்றைய வேட்டைக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கடையில் இறைச்சி இருக்கிறது. ஆகவே அவர் கொடுக்க வேண்டிய விலை வேறு. மரபு வில்லோடு போகிறவர்கள் ஒரு பருவம் முழுக்க ஓர் அம்புகூட எய்யாமல் திரும்புவது அபூர்வமல்ல. அதை அவர்கள் தோல்வியாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை, பெரிதாகக் கொண்டாடுவதும் இல்லை. அடுத்த செப்டம்பருக்கு நாணுக்கு மெழுகு பூசி வைக்கிறார்கள்.