காண்பதும் காட்டப்படுவதும்

பிறர் நம்மை அழைத்துச் சென்று காட்ட, நாம் கண்டுவிட்டு மீள்வது உண்மையில் காண்பதாகுமா? தத்துவ நூல் எதையும் படித்தபோது இக்கேள்வி நமக்கு எழவில்லை. தோட்டவெளியில் நம் வீட்டு முற்றத்தில், இலண்டனிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவரோடு ஒரு மாலைப்பொழுதில் உரையாடிக்கொண்டிருந்தபோது எழுந்தது.

அவர் முறையில் நமக்கு மாமா. முப்பது ஆண்டுகள் அந்நகரின் பண்டகசாலைகளிலும் கடைகளிலும் இரவு பகலாக உழைத்தவர். ஓய்வுபெற்ற பின், பிள்ளைகளின் வற்புறுத்தலால், மாமியோடு இத்தாலியின் தொஸ்கானா நாட்டுப்புறத்துக்கு எட்டு நாள் குழுச் சுற்றுலா சென்று வந்திருந்தார். திராட்சைத் தோட்டங்கள், ஒலிவ மரங்கள், குன்றின் உச்சியில் கல்லாற் கட்டிய வீடுகள் என்று அவர் விவரித்தபோது அவர் முகத்தில் ஒரு சிறுவனின் மகிழ்ச்சி தெரிந்தது. "தம்பி, நாங்கள் ஒண்டுக்கும் அலையேல்லை. எல்லாம் அவையள் பாத்துக்கொண்டினம்" என்றார். "அங்கத்தைய சனம் எப்பிடி மாமா?" என்று கேட்டோம். அவர் சற்று யோசித்தார். "சனமோ? அது எங்களுக்குக் காட்டேல்லை" என்றார்.

அந்தச் சொற்கள் பல நாட்களாக நம் மனத்தை விட்டு அகலவில்லை.

இத்தகைய சுற்றுலாவை எள்ளி நகையாடுவது எளிது. கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னே மந்தைபோற் செல்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். படித்தவர்கள் பலர் அவ்வாறே சொல்கிறார்கள். ஆனால் அந்த ஏளனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1841 யூலை 5ஆம் நாள், தோமஸ் குக் என்ற தச்சுத் தொழிலாளி, மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக ஏறத்தாழ ஐந்நூறு பேரை லெஸ்டர் நகரிலிருந்து லவ்பரோவுக்குப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஒரு ஷில்லிங். அதுவரை பிரபுக்களின் புதல்வருக்கே உரியதாயிருந்த பிரயாண இன்பம் அவ்வாறுதான் சாதாரண மனிதருக்குக் கிட்டலாயிற்று. 1864இல் குக்கின் குழுக்கள் இத்தாலியை அடைந்தன. அப்பொழுது அந்நாட்டில் பிரித்தானியத் துணைத்தூதராயிருந்த நாவலாசிரியர் சார்ள்ஸ் லீவர் சீற்றங்கொண்டார். அவுஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஏற்க மறுத்த குற்றவாளிகளைத்தான் இங்கிலாந்து இவ்விதம் இத்தாலியிற் கொண்டுவந்து விடுகின்றது என்று பரிகசித்து எழுதினார். குழுவாகச் செல்வதா அவரை வருத்தியது? அன்று. செல்பவர்கள் எந்த வர்க்கத்தினர் என்பதே அவரை வருத்தியது.

ஆகவே நம் மாமாவின் எட்டு நாட்களை நாம் பரிகசிக்க மாட்டோம். ஓய்வு உழைப்பவனின் உரிமை. 1936இல் பிரான்சின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தே ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைப் பெற்றனர். 1948 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்தின் இருபத்துநான்காவது உறுப்புரை, ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் ஒவ்வொருவருக்கும் உரியதெனக் கூறுகின்றது. வழி தெரியாதவன் வழி தெரிந்தவனோடு செல்வதில் இழிவு எதுவும் இல்லை. ஆசிரியத் தொழிலே அதுதானே!

எனினும், அழைத்துச் செல்வோர் யார், எதற்காக அழைத்துச் செல்கின்றனர் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. அதே இத்தாலியில், 1925இல், முசோலினியின் ஆட்சி தொழிலாளரின் ஓய்வு நேரத்துக்கென ஒரு தேசிய நிறுவனத்தை அமைத்தது. மலிவுக் கட்டணத்தில் மலைக்கும் கடலுக்கும் மக்களைக் கூட்டிச் சென்றது. தொழிற்சங்கத்தை நசுக்கிய அதே கைதான் உல்லாசப் பிரயாணச் சீட்டையும் நீட்டியது. மகிழ்ச்சி பொய்யன்று, அம்மக்கள் உண்மையாகவே மகிழ்ந்திருப்பர். ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு விலையாக அவர்களிடம் மௌனம் வாங்கப்பட்டது.

நம் மாமாவிடம் எவரும் மௌனத்தைக் கேட்கவில்லை. அவருக்குக் காட்டப்படாததோ நிறைய இருந்தது. அவர் தங்கிய அழகிய கல்வீடு ஒருகாலத்தில் வாரக்குடியானவன் ஒருவனின் வீடாக இருந்திருக்கக்கூடும். தொஸ்கானாவின் நிலம் பல நூற்றாண்டுகளாக அரைவார முறையிற் பயிரிடப்பட்டது. விளைச்சலிற் பாதி நிலவுடைமையாளனுக்கு, மீதிப் பாதி உழுத குடும்பத்துக்கு. இன்று நாம் இயற்கையெழில் என வியக்கின்ற அந்தக் குன்றுகளின் வரிவரியான திராட்சையும் ஒலிவமும் அக்குடும்பங்களின் கைகள் நட்டவை. 1964ஆம் ஆண்டின் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. ஆனால் அதற்கு முன்னரே குடியானவர்கள் வறுமை பொறாது நகரத்துத் தொழிற்சாலைகளை நோக்கி வெளியேறத் தொடங்கியிருந்தனர். வெறிச்சோடிய வீடுகள் பல பின்னர் விடுமுறை விடுதிகளாயின. 1985இல் பண்ணைச் சுற்றுலாவுக்கெனத் தனிச்சட்டமும் வந்தது.

பண்டத்தின் பளபளப்பு அதை ஆக்கிய உழைப்பை மறைத்துவிடுகிறது என மார்க்ஸ் விளக்கினார். நிலக்காட்சியும் பண்டமாகும்போது அதே மறைப்பு நிகழ்கின்றது. வயல் தெரிகிறது, உழவன் தெரிவதில்லை. இது பழங்கதையும் அன்று. இன்றைய இத்தாலியின் வயல்களிற் பழம் பறிப்பவருள் பெருந்தொகையினர் ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களை ஆள் சேர்த்து, வாகனத்தில் ஏற்றிச் சென்று, கூலியில் ஒரு பங்கைத் தனக்கென அறுத்துக்கொள்ளும் தரகனுக்கு அங்கே 'கப்பொராலே' என்று பெயர். 2016இல் அவனுக்கெதிராகக் கடுமையான சட்டம் இயற்றப்பட்டது. அதற்குப் பின்னரும், 2024 யூன் மாதத்தில், உரோமுக்குத் தெற்கே லத்தீனா மாகாணத்தில், பண்ணை இயந்திரத்திற் கை துண்டிக்கப்பட்ட இந்தியத் தொழிலாளி ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் அவர் வசிப்பிடத்தின் அருகே விட்டுச் சென்றனர். அவர் இறந்தார். உல்லாசப் பிரயாணிகள் குழுவாக அழைத்துச் செல்லப்படும் அதே நாட்டுப்புறத்தில் இன்னொரு குழுவும் அழைத்துச் செல்லப்படுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

'கப்பொராலே' என்ற சொல்லைத் தமிழாக்க நமக்கு அகராதி தேவையில்லை. மன்னார்க் கரையில் வாழ்பவன் அதைக் கங்காணி என்று உடனே மொழிபெயர்ப்பான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கென, தமிழகத்து வறிய மக்கள் தோணிகளில் நம் கரைக்கு வந்திறங்கினர். கங்காணி முன்னே செல்ல, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் விழுந்தவர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின் நடை குறைந்தது, கடன் குறையவில்லை. மண்டபம் முகாமிற் சோதிக்கப்பட்டு, எண்ணப்பட்டு, கங்காணியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, நம் ஊர் வழியாகவே புகையிரதத்தில் அவர்கள் சென்றனர். 1939இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. ஓய்வு மனிதவுரிமை என்று உலகம் அறிவித்த அதே 1948இல்தான் அம்மக்களின் குடியுரிமையை இலங்கைப் பாராளுமன்றம் பறித்தது.

காலம் நம்மையும் விட்டுவைக்கவில்லை. 1990இல் போருக்கஞ்சித் தீவிலிருந்து படகேறிய நம்மவரில் அநேகர், கடலின் மறுகரையில் அதே மண்டபம் முகாமில்தான் பதிவு செய்யப்பட்டனர். எண்ணப்படுதல் என்றால் என்ன, வரிசையில் நிறுத்தப்படுதல் என்றால் என்ன என்பதை நம் ஊர் மூத்தோரிடம் கேட்டறியலாம்.

இன்று அதே வீதியில் வான்கள் வருகின்றன. பள்ளிமுனையின் பெருக்கமரம், போர்த்துக்கேயர் கோட்டை, பூநாரைகள், தலைமன்னாரின் பழைய இறங்குதுறை, மணற்றிட்டுகள் எல்லாம் ஒரே நாளிற் காட்டப்படுகின்றன. தோட்டவெளியில், 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படையினரால் கொல்லப்பட்ட கத்தோலிக்க மக்களின் நினைவாக எழுந்த ஆலயத்தின் முன் சில வேளைகளில் நிற்கிறார்கள். பத்து நிமிடம். வருவோரில் நல்லவர்கள் இல்லாமலில்லை. தெற்கிலிருந்து வந்த முதியவர் ஒருவர் நம் மாணவனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, அவன் தலையைத் தடவிச் சென்றதை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் ஒருநாள் வகுப்பில் அதே மாணவன் எழுந்து, "சேர், எங்கட ஊரில அவையள் என்னத்தைப் பாக்க வருகினம்? எங்களைப் பாக்கேல்லையே!" என்று கேட்டான்.

அன்று அவனுக்கு ஏற்ற விடையை நாம் வைத்திருந்தோம். வருவோரின் பார்வையைப் பற்றி, வணிகத்தைப் பற்றி, வகுப்பு முடியும்வரை நன்றாகவே பேசினோம். அந்த விடை எத்துணைப் பொய்யானது என்பது அவ்வாண்டின் கல்விச் சுற்றுலாவிற்றான் நமக்குப் புலப்பட்டது.

நுவரெலியாவுக்கு நாமே மாணவரை அழைத்துச் சென்றோம். மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று பஸ் விரைந்தது. பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தனர். அது எந்த வழி என்று நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை; நமக்கே அப்போது நினைவு வரவில்லை. இறம்பொடையைக் கடந்து ஓரிடத்தில், தேயிலைச் சரிவின் ஓரமாகப் பஸ்ஸை நிறுத்தினோம். பத்து நிமிடம் என்று அறிவித்தோம். பிள்ளைகள் இறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்தனர். கூடை சுமந்த அம்மையார் ஒருவர் புன்னகையோடு, "எங்கேருந்து வாறீங்க?" என்று கேட்டார். "மன்னார்" என்றோம். அவர் கை நின்றது. "எங்க பாட்டி மன்னாருலதான் வந்து எறங்குனாங்களாம். கடலு எப்படி இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நா பாத்ததில்ல" என்றார். நாம் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தோம். "எடை கொறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க" என்று சொல்லி அவர் நிரையினுள் விரைந்து மறைந்தார். நாமும் கடிகாரத்தைப் பார்த்துப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றினோம்.

நமக்கு மாமாவின் சொற்கள் நினைவுக்கு வந்தன. அவருக்காவது அங்கத்தைய மக்களைக் காட்டாதவன் அந்நியனான ஒரு வழிகாட்டி. நம் பிள்ளைகளுக்குக் காட்டாது விட்டவர்கள் நாமே. மொழி ஒன்று, வரலாறு ஒன்று, அவர் பாட்டி நடந்த மண்ணில் நம் வீடு நிற்கின்றது. ஆயினும் அவரை ஒரு காட்சியாக்கிவிட்டு வந்தோம்.

இப்பொழுது தொடக்கத்திலிட்ட கேள்விக்குத் திரும்பலாம். தனியே செல்வதா, குழுவாகச் செல்வதா என்பது அறத்தின் வினாவன்று. தனியே செல்பவனும் குருடனாகச் செல்லலாம். கூட்டத்தோடு செல்பவனும் விழிப்போடு செல்லலாம். காணப்படுபவர் நம்மைத் திரும்பிப் பார்த்துப் பேச இடமிருக்கிறதா, நாம் அங்கே நிற்கின்ற நேரத்தில் அவர் எதை இழக்கிறார், நாம் வருவதுபோல் அவரும் நம்மிடம் வர வழியிருக்கிறதா என்பவையே அறத்தின் வினாக்கள். மனிதனை வெறுங்கருவியாகக் கொள்ளாதே என்று காண்ட் போதித்தார். அவனை வெறுங்காட்சியாகவும் கொள்ளாதே என்று நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். காட்டுவதைக் காண்பதோடு நிற்பவன் காண்பதிற் பாதியையே பெறுகிறான். யார் ஆக்கியது, யாருக்குச் சேர்கிறது, ஆக்கியவருக்கு ஓய்வுண்டா என்று கேட்பவனே மற்றப் பாதியையும் பெறுகிறான்.

கேள்வி கேட்பதோடு எல்லாம் சீராகிவிடும் என்று நாம் ஏமாறவும் கூடாது. கூலி எடையால் அளக்கப்படும்வரை, பத்து நிமிட உரையாடலுக்கும் அந்த அம்மையார் விலை கொடுத்தே ஆகவேண்டும். அந்த அளவுகோலை மாற்றுவது சுற்றுலாக்காரரின் நற்குணத்தாற் கைகூடுவதன்று. அதற்குச் சங்கமும் போராட்டமும் வேண்டும். ஆனால் எந்தப் போராட்டத்துக்கும் முன்னதாக ஒருவரை ஒருவர் அறிதல் நிகழவேண்டுமே!

அடுத்த ஆண்டு நாம் செய்தது சிறிய காரியம். புறப்படுமுன் மாணவரைத் தலைமன்னார்ப் பழைய துறைக்கு அழைத்துச் சென்று, அங்கு வந்திறங்கியவர் கதையைக் கூறினோம். மலைநாட்டுத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குக் கடிதம் எழுதி, இரண்டு நாட்களை அங்கேயே கழித்தோம். பின்னர் அப்பாடசாலைப் பிள்ளைகள் தோட்டவெளிக்கு வந்தனர். பஸ் கூலிக்கு நம் ஊரவர் பணம் சேர்த்தனர்; போதாமையால் இருபது பேரே வர முடிந்தது. அவர்களிற் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டனர். வழிகாட்டியாக முன்னே நடந்தவன், அன்று வகுப்பில் நம்மைக் கேள்வி கேட்ட மாணவன். கரைவலை இழுப்போரிடம் அவர்களைக் கூட்டிச் சென்று, பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகிறது, சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுப்பவனுக்கு எவ்வளவு என்று கேட்கச் செய்தான். மலைநாட்டுச் சிறுமி ஒருத்தி, "இங்கயும் எடை பாத்துத்தான் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

ஆசிரிய நண்பர்களே, சுற்றுலாப் பருவம் ஒவ்வோராண்டும் வருகின்றது. பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பாடட்டும், ஆடட்டும். ஆனால் பஸ் நிற்கும் ஓரிடத்திலாவது பத்து நிமிடம் என்று அறிவிக்காதிருங்கள். வரைபடத்தில் ஒரு நீர்வீழ்ச்சியை நீக்கிவிட்டு அங்கு உழைப்பவரோடு ஒரு பொழுதைச் சேருங்கள். அவருடைய பிள்ளைகள் உங்கள் ஊருக்கு வருவதற்கான பஸ் கூலியையும் அதே கணக்கில் எழுதுங்கள். நம் மாமா அடுத்த கோடையில் மீண்டும் இத்தாலிக்குச் செல்லவிருக்கிறார். அந்தத் திராட்சையைப் பறிப்பவர்கள் யார் என்று வழிகாட்டியிடம் கேட்டு வரும்படி சொல்லியிருக்கிறோம். "கேட்டால் கோவிப்பாங்களோ, தம்பி?" என்றார். கோபித்தாலும் கேளுங்கள் என்றோம்.